‘பர்மிஷன் இருக்கு’ என்றால் புகை விடலாமா?

சிறுமலை அடிவாரத்தில் ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது. கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

“எங்க ஊருக்குப் பின்னால ஒரு ஆலை இருக்கு. விறகு பாய்லர். ராத்திரி பத்து மணிக்கு மேலதான் புகை ஜாஸ்தி. காலையில மொட்டை மாடியில துணி எடுத்தா, வெள்ளை வேட்டியில மிளகுத்தூள் தூவின மாதிரி கருப்புப் பொட்டு. வடகம், வத்தல் போட்டு ரெண்டு வருஷமாச்சு. பேத்திக்கு மார்கழி வந்தா இழுப்பு. எங்க வீட்டுக்காரர் போய்க் கேட்டதுக்கு, ‘எங்ககிட்ட பர்மிஷன் இருக்கு, சந்தேகம்னா போர்டுல போய்க் கேளுங்க’ன்னு அனுப்பிட்டாங்க. பர்மிஷன் இருந்தா புகை விடலாமா?”

ஆலையின் பெயரையும் அவர் எழுதியிருந்தார். ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு அதை இங்கே அச்சிடுவது முறையல்ல. அதைவிட முக்கியம், இந்தக் கேள்வி அந்த ஓர் ஆலையைப் பற்றியது மட்டுமல்ல. நூற்பாலை, அரிசி ஆலை, சாயப்பட்டறை, கல் உடைக்கும் கிரஷர், செங்கல் சூளை என்று எதன் பக்கத்தில் குடியிருப்பவரும் ஒருநாள் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பார். ‘பர்மிஷன் இருக்கு’ என்ற இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. முடியக் கூடாது. பேச வேண்டியது அங்கேதான் ஆரம்பம்.

வேடிக்கை என்னவென்றால், ‘போர்டுல போய்க் கேளுங்க’ என்று துரத்தியவர், தனக்கே தெரியாமல் நல்ல யோசனைதான் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காகிதத்தின் பெயர் இசைவாணை

நம் பேச்சில் பர்மிஷன். ஆலைக்காரர்கள் பேச்சில் ‘கன்சென்ட்’. தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் தமிழில் இசைவாணை. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. வாரியத்தின் முன் இசைவு இல்லாமல் தொழிற்சாலையை நிறுவவும் கூடாது, இயக்கவும் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. எனவே இது இரண்டு கட்டம். கட்டடம் எழும்புவதற்கு முன்னால் நிறுவுவதற்கான இசைவு. எல்லாம் கட்டி, புகையை வடிகட்டும் கருவியையும் பொருத்திய பிறகு, நேரில் பார்த்து, இயக்குவதற்கான இசைவு.

விண்ணப்பத்தில் என்ன எரிபொருள், எவ்வளவு, எத்தனை டன் பாய்லர், எத்தனை ஜெனரேட்டர், எந்தப் புகைபோக்கி எவ்வளவு உயரம், பக்கத்தில் வீடு எவ்வளவு தூரம் என்றெல்லாம் சொல்லியாக வேண்டும். வாரியப் பொறியாளர் இடத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவார். ஆலை சிறியதா பெரியதா, எந்த நிற வகை என்பதைப் பொறுத்து மாவட்ட அளவிலோ அதற்கு மேலோ முடிவாகும். விண்ணப்பம் வந்து நான்கு மாதத்துக்குள், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, வாரியம் இசைவு தர வேண்டும் அல்லது மறுக்க வேண்டும் என்பது சட்டத்தின் வாசகம். மறுக்கலாம் என்ற அந்தப் பாதியைப் பலர் மறந்துவிடுகிறோம். வாரியமே சில சமயம் மறந்துவிடுகிறதோ என்று தோன்றும்.

நிற வகை என்றேனே, அது மாசு ஏற்படுத்தும் அளவை வைத்து மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் பிரித்தது. சிவப்பு மிக மோசம், பிறகு ஆரஞ்சு, பச்சை, வெள்ளை. 2016-இல் இதற்கு மதிப்பெண் முறை வந்தது. அப்போது 100-க்கு 60-ம் அதற்கு மேலும் எடுத்தால் சிவப்பு, 20-க்குள் இருந்தால் வெள்ளை என்று வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர், மார்க் குறைந்தால்தான் நல்ல பிள்ளை. வெள்ளை வகைக்கு இப்போது இசைவாணையே தேவையில்லை. 2025-இல் நீலம் என்று இன்னொரு வகையும் சேர்ந்திருக்கிறது.

இனி வாசகியின் கேள்விக்கு வருகிறேன். இசைவாணை என்பது ‘இந்த ஆலையின் புகை சுத்தமானது’ என்ற நற்சான்று அல்ல. ‘இன்ன இன்ன நிபந்தனைக்குள் நடந்துகொண்டால் இயக்கலாம்’ என்ற ஒப்பந்தம் மாதிரி. டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக பஸ் ஸ்டாண்டுக்குள் எண்பதில் ஓட்ட முடியுமா? முதல் பக்கத்தில் ‘இசைவு அளிக்கப்படுகிறது’ என்றிருக்கும். அதற்குப் பின்னால் வரும் பக்கங்களில்தான் விஷயம் இருக்கிறது. ஆலைக்காரர்கள் சட்டம் போட்டு மாட்டி வைப்பது முதல் பக்கத்தை மட்டும்.

பின்பக்கங்களில் என்ன இருக்கும்?

ஒவ்வொரு புகைபோக்கிக்கும் ஓர் எண், ஓர் உயரம், புகையில் இருக்கலாமான தூசின் உச்ச அளவு, பொருத்த வேண்டிய வடிகட்டும் கருவி, இவ்வளவும் இருக்கும். எந்த எரிபொருள் என்பதும் இருக்கும். விறகு என்று எழுதி வாங்கிவிட்டு, விலை குறைவு என்று பழைய டயரையோ பிளாஸ்டிக் கழிவையோ பாய்லருக்குள் போட்டால் அது நிபந்தனை மீறல். பர்மிஷன் இருக்கிறது என்ற பதில் அங்கே செல்லாது.

உயரக் கணக்கு ஒன்றை வீட்டிலிருந்தே போட்டுப் பார்க்கலாம். டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய், அது இருக்கும் கட்டடத்தின் உயரத்துக்கு மேல் எத்தனை மீட்டர் எழும்ப வேண்டும்? ஜெனரேட்டரின் கேவிஏ எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து 0.2-ஆல் பெருக்க வேண்டும். 100 கேவிஏ என்றால் வர்க்கமூலம் 10, விடை 2. கட்டடத்துக்கு மேல் 2 மீட்டர், ஆறரை அடி. எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். கல்யாண மண்டபங்களில் குழாய் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்தவர் முகத்துக்கு நேரே புகை ஊதுவதைப் பார்த்திருக்கிறோமே, அவர்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பாய்லருக்கு வேறு அளவு. மணிக்கு 2 டன்னுக்கும் குறைவாக நீராவி தரும் சின்ன பாய்லர் என்றால், புகைபோக்கி 9 மீட்டர் அல்லது பக்கத்துக் கட்டடத்தின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. 2 முதல் 5 டன் வரை 12 மீட்டர். 5 முதல் 10 டன் வரை 15 மீட்டர்.

தூசின் அளவுக்கான அட்டவணைதான் என்னை யோசிக்க வைத்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த விதியில், 15 டன்னும் அதற்கு மேலும் உள்ள பெரிய பாய்லருக்கு ஒரு கனமீட்டர் புகையில் 150 மில்லிகிராம் தூசுதான் அனுமதி. 2 டன்னுக்குக் குறைந்த சின்ன பாய்லருக்கோ 1,200 மில்லிகிராம். எட்டு மடங்கு! சின்ன முதலாளியால் விலையுயர்ந்த வடிகட்டி வாங்க முடியாது என்ற இரக்கம் அதில் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஆனால் பெரிய பாய்லர் தொழிற்பேட்டையில் தள்ளி நிற்கும், சின்ன பாய்லர்தான் தெருவுக்குள் வந்து நிற்கும். நம் வாசகியின் மாடிக்குப் பக்கத்தில் இருப்பது எது என்று சொல்ல வேண்டியதில்லை. அளவுக்குள் இருந்துகொண்டே வேட்டியில் பொட்டு வைக்க முடியும் என்பதுதான் இதில் கசப்பான செய்தி. அப்படியானால் புகைபோக்கி உயரமும் வடிகட்டும் கருவியும் சரியாக இருப்பது இன்னும் முக்கியமாகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேட்டியில் விழுவது கண்ணுக்குத் தெரிகிற பெரிய சாம்பல். நுரையீரலின் அடிவரை போவது அதுவல்ல. 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகள், தலைமுடியின் அகலத்தில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. அது துணியில் தெரியாது, கண்ணில் படாது. சுற்றுப்புறக் காற்றில் அது ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது 2009-ஆம் ஆண்டின் நம் நாட்டுத் தரம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 5. மார்கழியில் பேத்திக்கு இழுப்பு வருகிறது என்று அவர் எழுதியதற்கும் பொருள் உண்டு. பனிக்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும், மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போல நிற்கும், புகை மேலே போகாமல் ஊருக்குள்ளேயே படரும். இழுப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பேத்தியை அவரிடம் காட்டுங்கள், புகைக்குக் காத்திருக்க வேண்டாம்.

சரி, புகைபோக்கிக்குள் எத்தனை மில்லிகிராம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? புகைபோக்கியின் பக்கவாட்டில் ஒரு துளை, அதற்குக் கீழே நிற்க மேடை, ஏற ஏணி, இவை மூன்றும் இருக்க வேண்டும். ஆய்வுக்கூட ஊழியர் ஏறி, துளை வழியாகக் குழாயை நுழைத்து, உள்ளே புகை போகும் அதே வேகத்தில் உறிஞ்சுவார். வழியில் இருக்கும் வடிகட்டியில் தூசு தங்கும். வடிகட்டியை முன்னும் பின்னும் எடை போட்டால் கணக்கு வந்துவிடும். ஆக, துளையும் மேடையும் ஏணியும் இல்லாத புகைபோக்கியில் மாதிரி எடுக்க முடியாது. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலே இது தெரியும். ஏணியே இல்லாத புகைபோக்கிக்கு ‘அளவுக்குள் இருக்கிறது’ என்று அறிக்கை இருந்தால், ஏறியவர் எப்படி ஏறினார் என்று கேட்கலாம் அல்லவா?

சிமென்ட், தாமிர உருக்காலை போன்ற அதிக மாசு தரும் 17 வகைத் தொழில்களுக்கு 2014 முதல் கதையே வேறு. புகைபோக்கியிலேயே கருவி பொருத்தி, இருபத்து நான்கு மணி நேரமும் அளவு வாரியத்துக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். வேடசந்தூர் பக்கம் கரிக்காலியில் இருப்பது போன்ற சிமென்ட் ஆலைகள் இதில் வரும். சாதாரண நூற்பாலை பாய்லர் வராது. அங்கே யாராவது வந்து ஏறினால்தான் உண்டு. வருகிறவர் பெரும்பாலும் பகலில் வருவார். வாசகி சொல்லும் புகையோ ராத்திரி பத்து மணிக்கு மேல்.

திண்டுக்கல் இதைப் பார்த்திராத ஊர் அல்ல

மலைக்கோட்டை, பூட்டு, பிரியாணி என்று நம் ஊர் பெயர் வாங்கியதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் ஊர் பெயர் வந்தது இளைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பற்றி வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு. ‘கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும்’ என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக நிலைநிறுத்திய தீர்ப்பு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம் நடக்கிறது. வழக்கின் பெயரில் வேலூர் இருந்தாலும் தீர்ப்பில் திண்டுக்கல் மாவட்டமும் உண்டு. தொண்டு நிறுவனம் ஒன்று திண்டுக்கல்லைச் சுற்றிய 13 கிராமங்களில் எடுத்த கணக்கைத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நான்கில் மூன்று. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் நீதிமன்றம் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

அது தண்ணீர், இது காற்று. ஆனால் காகிதம் ஒரே குடும்பம். தண்ணீருக்கு 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இசைவு, காற்றுக்கு 1981 சட்டத்தின் கீழ் இசைவு. தருவது ஒரே வாரியம். கிணற்றுத் தண்ணீர் ஒரே நாளில் கெடாது. 350 கிணறுகள் கெடும்வரை, நிபந்தனைகளைச் சரிபார்க்கச் சட்டமும் இருந்தது, அலுவலகமும் இருந்தது.

இதே மாவட்டத்தில் மலைமேலும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து பெயர்த்து எடுத்து வந்த பாதரச தெர்மாமீட்டர் தொழிற்சாலை, 1980-களில் கொடைக்கானலில் இயங்கத் தொடங்கியது. பின்னாளில் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001-இல் ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் ஒரு காயலான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை வெளியே கொண்டுவந்த பிறகுதான் ஆலை மூடியது. 2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு நிறுவனம் உதவித்தொகை தந்து உடன்பாடு செய்துகொண்டது. பாதரச ஆவிக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. புகை என்றாவது கண்ணை எரிக்கும், வேட்டியில் பொட்டு வைக்கும், மனுஷன் கேள்வி கேட்பான். கண்ணுக்குத் தெரியாததை அளந்து சொல்ல வேண்டிய பொறுப்பு கருவிக்கும் வாரியத்துக்கும் மட்டும்தான். நிபந்தனையை வாசிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு மலை உச்சியில் அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு தேவையில்லை.

தூத்துக்குடியில் 250, 25 ஆனது

இசைவாணையில் ஒரு எண் மாறினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்குத் தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் கதையைத்தான் சொல்ல வேண்டும். 1990-களில் அனுமதி தரும்போது, ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்துக்குப் பசுமைப் பட்டை, அதாவது மரங்கள், வளர்க்க வேண்டும் என்று வாரியம் நிபந்தனை போட்டது. அவ்வளவு முடியாது என்று நிறுவனம் கேட்டது. வாரியம் அதை 25 மீட்டராகக் குறைத்தது. ஒரு சைபர் போனது, அவ்வளவுதான். அந்தச் சைபருக்குள் எத்தனை ஆயிரம் மரம் இருந்திருக்கும் என்று யாரும் ஊரைக் கூட்டிக் கேட்கவில்லை.

2013 மார்ச் 23 அதிகாலை, ஊரில் பலருக்குக் கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், மூச்சுத் திணறல். கந்தக டை ஆக்சைடு கசிவு என்று குற்றச்சாட்டு எழுந்து, வாரியம் ஆலையை மூட உத்தரவிட்டது. சில நாளில், ஏப்ரல் 2 அன்று, பழைய வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆலை இயங்கலாம், ஆனால் 100 கோடி ரூபாய் ஈடு கட்ட வேண்டும். அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றைக் கவனியுங்கள். நீண்ட காலம் செல்லுபடியாகும் இசைவு இல்லாமலேயே ஆலை ஓடியிருக்கிறது. அவ்வளவு பெரிய ஆலை, அத்தனை பேர் பார்க்க, காலாவதியான காகிதத்தோடு ஓடியது. பசுமைத் தீர்ப்பாயம் மே மாதக் கடைசியில் மீண்டும் திறக்க அனுமதித்தது.

பிறகு 2018. இசைவாணையைப் புதுப்பிக்கக் கேட்ட விண்ணப்பத்தை ஏப்ரல் 9 அன்று வாரியம் மறுத்தது. முந்தைய நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்பதுதான் சாரம். நிலத்தடி நீர் ஆய்வறிக்கை தரவில்லை, தாமிரக் கசடை ஆற்றோரம் கொட்டியதை அகற்றவில்லை என்பது போன்றவை. எல்லாமே பழைய காகிதத்தின் பின்பக்கங்களில் எழுதியிருந்தவை. மே 22 அன்று ஊர்வலத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூட அரசாணை. 2020 ஆகஸ்ட் 18 அன்று சென்னை உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் மூடியது சரியே என்றன.

வேலை போனவர்களின் வீடுகளும் தூத்துக்குடியில் இருக்கின்றன, அதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. நம் பக்கம் வேடசந்தூர் நூற்பாலைகளை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று தெரியும். ஆலையை மூடு என்பது என் பேச்சல்ல. 250 என்று எழுதியதை 250-ஆகவே வைத்து, ஆண்டுதோறும் நிபந்தனைகளைச் சரிபார்த்திருந்தால் ஆலையும் இருந்திருக்கலாம், 13 பேரும் இருந்திருக்கலாம்.

நம்மிடம் யாரும் கேட்பதில்லை

1863-இல் இங்கிலாந்தில் வந்த ஆல்கலி சட்டம், சோடா ஆலைகளின் அமிலப் புகையில் நூற்றுக்கு 95 பங்கை வெளியே விடாமல் பிடித்தாக வேண்டும் என்றது. கண்காணிக்க நியமித்த முதல் ஆய்வாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித். ‘அமில மழை’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. எண்ணைப் போட்டு, ஆளையும் போட்டு அனுப்பும் முறை 160 ஆண்டுப் பழசு.

அமெரிக்காவில் 1990-இல் சட்டத்தைத் திருத்தியபோது ஒன்றைச் சேர்த்தார்கள். பெரிய ஆலைகளுக்கு இயக்க அனுமதி தரும் முன், வரைவை வெளியிட்டு, குறைந்தது 30 நாள் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். அனுமதியின் ஆயுள் அதிகபட்சம் 5 ஆண்டு. நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின் பட்டியலில் வரும் பெரிய திட்டங்களுக்குத்தான் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம். பட்டியலில் வராத ஆலைக்கு இசைவாணை தரும்போது பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கும் ஏற்பாடு சட்டத்தில் இல்லை. கல்யாணம் முடிந்த பிறகுதான் பத்திரிகை வருகிறது நமக்கு. கிராம சபையில் வரைவு நிபந்தனைகளை ஒருமுறை வாசித்துக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? ராத்திரி எந்தத் திசையில் காற்று அடிக்கும், எந்தத் தெருவில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று பொறியாளரைவிட ஊருக்குத் தெரியும்.

தண்டனை பற்றி ஒரு வரி. முன்பு இசைவு இல்லாமல் ஆலை நடத்தினால் ஒன்றரை ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரை சிறை. 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் ஆக்கியது. சின்னப் பட்டறைக்கு 15 லட்சம் என்றால் முதலே போய்விடும். பெரிய ஆலைக்கு அது ஒரு மாத டீசல் செலவாகக்கூட இருக்காது.

அப்படியானால் வாசகி என்ன செய்யலாம்?

காற்றுச் சட்டத்தின் 51-ஆவது பிரிவை நினைவில் வையுங்கள். யார் யாருக்கு இசைவு தந்திருக்கிறது, என்ன அளவு விதித்திருக்கிறது என்பதை வாரியம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அதனால் பாதிக்கப்படும் எவரும் அலுவலக நேரத்தில் அதைப் பார்க்கலாம். இது யாரும் செய்யும் தயவு அல்ல, சட்டம் தந்த உரிமை. திண்டுக்கல்லிலேயே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் இருக்கிறது. ஆலைக்காரர் ‘போர்டுல போய்க் கேளுங்க’ என்றாரே, போய்க் கேளுங்கள்.

பதிவேடு இப்போது கிடைக்காது, அடுத்த வாரம் வாருங்கள் என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். ‘புகை வருகிறதே, ஏன்?’ என்று கேட்காதீர்கள். அதற்கு ‘தகவல் இல்லை’ என்று பதில் வரும். இசைவாணையின் நகல், எல்லா நிபந்தனைப் பக்கங்களோடும் வேண்டும் என்று எழுதுங்கள். அது எந்தத் தேதிவரை செல்லும் என்று கேளுங்கள். கடைசியாகப் புகைபோக்கி மாதிரி எடுத்த ஆய்வறிக்கையின் நகலையும், கடைசியாகப் பொறியாளர் நேரில் பார்த்து எழுதிய அறிக்கையின் நகலையும் கேளுங்கள். காகிதத்தைக் கேட்டால் காகிதம்தான் வர வேண்டும்.

அது கையில் வரும்வரை ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, புகை ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், நிறம், நாற்றம், காற்றடித்த திசை. வீட்டில் பிள்ளைகளிடம் சொன்னால் செல்போனில் படம் எடுத்துத் தருவார்கள், படத்தில் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. ‘எப்போதும் புகை’ என்ற புகாரை ஒதுக்குவது எளிது. ‘மூன்று வாரத்தில் பதினோரு இரவு, பத்தரை முதல் இரண்டு மணிவரை’ என்பதை ஒதுக்க முடியாது. நாலு வீட்டார் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. புகாரைக் கொடுத்தால் ஒப்புதல் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லையென்றால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரே நேரடியாக மனு செய்யலாம். பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் என்று காலக்கெடு உண்டு. அதனால்தான் நோட்டில் தேதி முக்கியம். ஆனால் பெரும்பாலான விஷயங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். நிபந்தனைப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘உங்க காகிதத்தில் 12 மீட்டர் என்றிருக்கிறதே, புகைபோக்கி அவ்வளவு இல்லையே’ என்று மரியாதையாகக் கேட்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம், ‘பர்மிஷன் இருக்கு’ என்று சொல்லிவிட்டு உள்ளே போக எந்த மேலாளராலும் முடியாது.

நகல் வந்ததும் ஆய்வறிக்கையை முதலில் எடுங்கள். மாதிரி எடுத்த தேதியும் நேரமும் அதில் இருக்கும். அந்தத் தேதியில் உங்கள் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.